அப்பாவின் அறிவித்தலுக்குக் கீழே

‘காலஞ்சென்ற’ என்ற சொல்லுக்கு ஒரு சின்னச் சதுரப் பெட்டி செய்து கொடுத்தவள் நான். அந்தப் பெட்டியில் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் போதும், பெயருக்கு முன்னால் அந்தச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஈழச் சனத்தின் மரண அறிவித்தல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் செத்தவரைவிட அவருடைய உறவுக்காரருக்குத்தான் இடம் அதிகம். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னார் இன்னாரின் தந்தை, மாமனார், சகலன், சம்பந்தி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த வரிசையில் யார் யார் ஏற்கெனவே போய்விட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் அந்தச் சொல். முன்பெல்லாம் அதைக் கையால் தட்டினார்கள். அவசரத்தில் உயிரோடிருக்கும் சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் அது விழுந்துவிடும். சித்தப்பா தானே போன் எடுத்துத் தான் சாகவில்லை என்று கத்துவார். அந்தத் தொல்லை ஒழியட்டும் என்றுதான் பெட்டி.

கனடாவில் ஸ்காபரோவில் இருந்துகொண்டு நான் செய்யும் வேலை இதுதான். யாரோ எங்கேயோ எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இலவசமாகத் திறந்து விட்டிருக்கும் மென்பொருளை எடுத்து, எங்கள் சனத்தின் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுப்பேன். கோயில், ஊர்ச் சங்கம், நடனப் பள்ளி, வீடு விற்கிற அண்ணைமார், எல்லாருடைய வெப்சைற்றுக்கும் உள்ளே ஒரே மென்பொருள்தான். உடுப்பு மட்டும் வேறு. கட்டிக் கொடுத்த பிறகும் கைகழுவ முடியாது. அடிக்கடி புதிய பதிப்பு வரும். ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று உடையும். தேர்த் திருவிழா நேரம் பார்த்துக் கோயில் தளத்தில் படமெல்லாம் புரண்டு நிற்கும். “பிள்ளை, சுவாமி தலைகீழா நிக்கிறார்” என்று சபையிலிருந்து போன் வரும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவாமியை நிமிர்த்திவிடுவேன்.

மரண அறிவித்தல் தளத்தின் சொந்தக்காரர் ஓர் அண்ணை. முன்பு தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகை ஒன்றை நடத்தியவர். சனம் கடைசிப் பக்கத்து மரணங்களை மட்டும் படித்துவிட்டு மீதியை மீன் சுற்ற வைத்துக்கொள்கிறது என்று கண்டார். பத்திரிகையை நிறுத்திவிட்டு மரணங்களை மட்டும் இணையத்தில் ஏற்றினார். கெட்டிக்காரன். அந்தத் தளத்தைக் கட்டித் தர ஒத்துக்கொண்டபோது, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிக்கல். ஒருவர் வந்து, பிரிந்துபோன மருமகளின் பெயர் வேண்டாம், ஆனால் அவள் பெற்ற பேரப்பிள்ளைகள் வேண்டும் என்பார். இன்னொருவர் வீட்டு நாயையும் ‘அன்புச் செல்வம்’ என்று சேர்க்கச் சொல்வார். இங்கே பிறந்த பெண் ஒருத்தி, தன்னோடு ஒன்றாக இருக்கிறவனை மருமகன் என்று போடலாமா என்று கேட்டாள், கலியாணம் இன்னும் ஆகவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டமோ ஒரு விதிவிலக்கோ எழுதிச் சேர்த்துக்கொண்டே போனேன். சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். அடுத்த வீட்டுச் சாவுக்கு வேலை செய்யும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது.

போன வின்ரர் குளிரில் அப்பா செத்துப்போனார். அவரும் அம்மாவும் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். நான் கட்டினவனை விட்டுப் பிரிந்த பிறகு மோர்னிங்சைட்டில் தனியாக இருக்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுநாள் விடியமுன் எல்லாம் முடிந்தது. அன்று பகலே அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வந்தவுடன் அம்மா கேட்டது தன் உடுப்பையோ மருந்தையோ அல்ல. அந்த வீட்டு ரெலிபோன் நம்பரை என் வீட்டுக்கு மாற்ற முடியுமா என்றுதான் கேட்டார். அந்த நம்பர்தான் என் அண்ணாவுக்குத் தெரியும். மாற்றினேன்.

அண்ணா கடைசிச் சண்டையில் வன்னிக்குள்ளே அகப்பட்டவன். எங்கள் மூன்று பேரையும் கனடாவுக்கு ஏற்றிவிட்டு, “நீங்கள் போங்கோ, நான் பிறகு வாறன்” என்று நின்றவன். யாருடையதோ போனிலிருந்து கடைசியாக ஒருமுறை எங்களைக் கூப்பிட்டான். பின்னால் ஒரே இரைச்சல். அதற்குள்ளே, சாப்பிட்டீர்களா என்று எங்களைத்தான் கேட்டான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் இருந்தவர்களின் பெயர்களில் அவன் பெயர் இல்லை. செத்தவர்களின் பெயர்களிலும் இல்லை. கண்டேன் என்று சொல்ல ஒரு மனிதரும் வரவில்லை. அப்பா கேட்டு எழுதாத இடமில்லை.

அவன் செத்துவிட்டான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். என் குணம் அது. தொங்கிக்கொண்டு நிற்கும் எதையும் எனக்குப் பார்க்கப் பொறுக்காது. ஆமா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும், தெரியாவிட்டால் நானே ஒன்றைத் தீர்மானித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அம்மாவிடம் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பெற்றவளுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்.

அப்பாவின் அறிவித்தலை நானேதான் போட்டேன். வேறு யாரிடம் கொடுப்பது. சாப்பாட்டு மேசையில் லப்ரொப்பை வைத்துக்கொண்டு தட்டினேன், அம்மா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். பிறப்பிடம், வதிவிடம், அப்பாவின் தாய் தகப்பன், அம்மாவின் தாய் தகப்பன் என்று ஒவ்வொன்றாக நிரப்பினேன். அவர்களுக்கெல்லாம் பெட்டியில் சொடுக்கிக்கொண்டே வந்தேன், அந்தத் தலைமுறையில் யாரும் மிச்சமில்லை. பிறகு பிள்ளைகள். அண்ணாவின் பெயரைத் தட்டினேன். கை பழக்கத்தில் பெட்டிக்குப் போனது.

“என்ன செய்யிறாய்?” என்றார் அம்மா.

அதற்குள் சொடுக்கு விழுந்துவிட்டது.

“எடு உந்தச் சொல்லை.”

எடுத்தேன். அடுத்த கட்டம் இடம் கேட்டது. எங்கள் அறிவித்தல்களில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குள் ஒரு நாட்டின் பெயர் இருக்கும். எனக்குக் கனடா.

“அம்மா, அண்ணாவுக்கு என்ன இடம் போடுறது?”

“ஒண்டும் போடாதை. தான் எங்க இருக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியும்தானே.”

இடம் போடாமல் படிவம் நகராது. அந்தக் கட்டாயத்தை எழுதி வைத்தவளும் நான்தான், பாதிப்பேர் இடத்தை மறந்துவிட்டுப் பிறகு என்னை ஏசுகிறார்கள் என்பதற்காக. அப்பாவின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்க, நான் தளத்தின் உள்ளே போய் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பா போனதிலா, அம்மாவின் பிடிவாதத்திலா, அண்ணாவிலா என்று எனக்கே பிடிபடவில்லை.

“சனம் கேக்கும் அம்மா. மகன் இருக்கிறார் எண்டு போட்டிருக்கு, ஆளைக் காணேல்லை எண்டு கேக்கும்.”

“கேட்டாக் கேக்கட்டும். பெரியவன் இதைப் பாப்பான். எந்த மூலையில இருந்தாலும் எங்கட சனம் உதைத்தானே பாக்குது. பாக்கேக்க தன்ர பேருக்கு முன்னால அந்தச் சொல்லுக் கிடந்தா என்ன நினைப்பான்? பெத்ததுகளே என்னைச் செத்தவனாக்கிப்போட்டுதுகள், இனி ஆரிட்டப் போறது எண்டு இருந்திடுவான்.”

நான் இடத்தை வெறுமையாக விட்டுச் சேமித்தேன். அம்மாவுக்கு அது மரண அறிவித்தல் அல்ல, மகனுக்கு அனுப்புகிற சேதி. அப்பாவின் சாவைக் கேட்டாவது அவன் வந்துவிட வேண்டும் என்று நம்பினார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. செத்த வீட்டில் ஒருத்தி என் காதுக்குக் கிட்ட வந்து, “உன்ர அண்ணனுக்கு விசா கிடைக்கேல்லையோ பிள்ளை?” என்று கேட்டாள். தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அறிவித்தலைப் பார்த்துவிட்டு வந்த ஐயர், மூத்தவர் எங்கே என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். கடைசியில் அப்பாவின் சகோதரர் வழிப் பெறாமகன் ஒருவன் செய்தான். இங்கே கொள்ளி வைப்பது என்றால் தகன அடுப்பின் பொத்தானை அழுத்துவதுதான். அவன் அழுத்தும்போது அம்மா வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்து சனம் வருவது நின்ற பிறகு, அம்மா தேத்தண்ணியோடு என் பழைய ரப்லெற்றைக் கையில் எடுத்தார். அறிவித்தலுக்குக் கீழே அனுதாபம் எழுத ஓர் இடம் உண்டு. வயதானவர்களிடம் ஈமெயில் இருக்காது என்பதால் அங்கே ஈமெயில் கேட்காதபடி நான் மாற்றி வைத்திருந்தேன். பெயரும் செய்தியும் போதும். அம்மா ஒவ்வொரு காலையும் அங்கே வந்தவற்றைப் படிப்பார். ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. நல்ல மனிசன். செய்திகளை மேலோட்டமாகத்தான் பார்ப்பார், பெயர்களைத்தான் ஊன்றிப் படிப்பார். பக்கத்தின் அடி வரை போய், பிறகு மேலே வந்து, இன்னொருமுறை கீழே போவார்.

ஒருநாள் கேட்டார். “பிள்ளை, சனம் எழுதுறது எல்லாம் இதில வருமோ?”

“நல்லது வரும். குப்பை வராது.”

“குப்பை எண்டு ஆர் சொல்லுறது?”

“அதுக்கு ஒரு பிளகின் இருக்கு அம்மா. அதுவாப் பிரிச்சுப்போடும்.”

“அதுக்குத் தமிழ் தெரியுமோ?”

அதற்குத் தமிழ் தெரியாது.

“அப்ப அந்தக் குப்பையைக் காட்டு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணியோடு குப்பை படிக்கும் வழக்கம் தொடங்கியது. தலைமயிர் வளர எண்ணெய், மலிவு விலையில் சப்பாத்து, சூதாட்டம், ஆண்மைக்கு மாத்திரை, ரஷ்ய எழுத்தில் ஏதோ. மாத்திரை விளம்பரங்களை நான் தாண்டிப் போனால், “ஏன் உதை விட்டிட்டாய், அதையும் சொல்லு” என்பார். நான் சொல்லுவேன். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எல்லாம் முடிந்ததும், “இவ்வளவுதானோ? வேற ஒண்டும் இல்லையோ?” என்று என் முகத்தைப் பார்ப்பார். இல்லை என்பேன். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. அண்ணாவின் செய்தியைத் தேடுகிறார் என்று மட்டும் நினைத்தேன்.

குப்பை பழசானால் தானாக அழிந்துவிடும் என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா கோப்பையை மேசையில் வைத்தார். “அழிஞ்சதுக்குள்ள ஒண்டு இருந்திருந்தா?” என்றார், அவ்வளவுதான். நான் போய் அந்த அழிக்கும் வேலையை நிறுத்திவைத்தேன்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குப்பை அழியாமல் சேர்ந்துகொண்டே போனது. தளம் அசைய மறுத்தது. அண்ணை போன் எடுத்தார். “தங்கச்சி, சைற் ஆமை மாதிரி ஊருது. செத்த வீட்டுக்காரர் என்னைக் கிழிக்கினம். கிரியை தொடங்கிற நேரத்துக்குப் பக்கம் திறக்குதில்லையாம்.” சேர்வர் பிரச்சினை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அன்றே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல்.

மொத்தமாக அழிக்க மனம் வரவில்லை. எந்த இணைய இலக்கத்திலிருந்து எவ்வளவு குப்பை வந்திருக்கிறது என்று அடுக்கிப் பார்த்தால், மோசமான இடங்களை மட்டும் அழிக்கலாம். குப்பைத்தொட்டியைத் தவிர இன்னோர் இடமும் இருந்தது. செத்த வீட்டுச் சாப்பாடு செய்கிற ஒருவர், முன்பு ஒவ்வொரு அறிவித்தலுக்குக் கீழும், ‘ஆழ்ந்த அனுதாபங்கள், அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு எங்களை நாடுங்கள்’ என்று தன் போன் நம்பரோடு எழுதிக்கொண்டே இருந்தார். அந்த எரிச்சலில் நான் ஒரு விதி எழுதினேன். ரெலிபோன் நம்பர் உள்ள செய்தி எதுவும் தொட்டிக்கும் போகக் கூடாது, கண்ணில் படாமல் ஒரு மூலையில் கிடக்க வேண்டும். எழுதினதோடு அந்த மூலையை நான் திறந்து பார்த்ததே இல்லை. அன்று அதையும் சேர்த்து அடுக்கினேன்.

அடுக்கியதில் எங்கள் வீட்டு இணைய இலக்கம் இருந்தது. அது எனக்கு மனப்பாடம், பல தளங்களின் பின்கதவை அந்த இலக்கத்துக்கு மட்டும்தான் திறந்து வைத்திருக்கிறேன். திறந்தேன். எல்லாம் அப்பாவின் அறிவித்தலுக்குக் கீழே எழுதப்பட்டவை. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் ‘அம்மா’. ஒவ்வொரு நாளும் ஒன்று.

‘ராசா, அப்பா போயிட்டார். நான் தங்கச்சியோடை இருக்கிறன். வீட்டு நம்பர் மாறேல்லை, அதே நம்பர்தான்.’ கீழே அந்த நம்பர். அடுத்த நாளும் அதுவே. சில நாட்களில் ஒரு வரி கூட இருந்தது. ‘இண்டைக்குச் சரியான பனி.’ ‘உனக்குக் கோவம் எண்டாலும் ஒருக்கா எடு.’ ‘கதைக்காட்டியும் பரவாயில்லை, எடுத்திட்டு வை, எனக்கு விளங்கும்.’

அம்மாவுக்குத் தட்டத் தெரியாது. விரலால் எழுத்தை வரைந்தால் அது அச்செழுத்தாக மாறும் வசதி ஒன்று ரப்லெற்றில் இருந்தது, நான்தான் போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணிக்கு முன் நான் குளிக்கப் போகும் நேரத்தில் ஒவ்வோர் எழுத்தாக வரைந்திருக்கிறார். அனுப்பியதும், ‘நன்றி, உங்கள் செய்தி பரிசீலனையில் உள்ளது’ என்று வந்திருக்கும். அந்த வாக்கியத்தையும் நான்தான் எழுதினேன். நான் கதிரையிலேயே இருந்து அழுதேன்.

பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அழுகையும் கோபமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். குசினிக்குப் போய், “ஏன் அம்மா என்னட்டச் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

எதைக் கேட்கிறேன் என்று அம்மாவுக்கு உடனே விளங்கியது. வெங்காயத்தை வெட்டிக்கொண்டே, “உன்னட்ட என்னெண்டு சொல்லுறது,” என்றார். “நீ அவனைச் செத்தவன் எண்டெல்லோ வைச்சிருக்கிறாய்.”

“அதுக்காக?”

“பரிசீலனையில எண்டு வந்திச்சு. பரிசீலிக்கிறது நீதானே. ஒண்டும் வெளிய வரேல்லை. உனக்கு விருப்பமில்லை, மறைச்சு வைச்சிட்டாய் எண்டு நினைச்சன். சரி, குப்பையையாவது காட்டுவாய், அதுக்குள்ள கிடக்கோ எண்டு பாப்பம் எண்டு நினைச்சன். அதுக்குள்ளயும் இல்லை. அழிச்சுப்போட்டாய் எண்டு இருந்திட்டன்.”

ஒவ்வொரு காலையும் அம்மா என் முகத்தைப் பார்த்தது அதற்குத்தான். பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, தன் மகள் இதைச் செய்வாள் என்று நம்பிக்கொண்டு, என்னை ஒரு சொல் ஏசாமல் இருந்திருக்கிறார். அப்பா செத்தபோது வராத வலி அன்று எனக்கு வந்தது. அந்த விதியை அந்த இடத்திலேயே எடுத்து எறிந்தேன். அம்மாவின் முதல் செய்தியை அப்பாவின் அறிவித்தலுக்குக் கீழே வெளியிட்டேன், நம்பரோடு.

போன் அடிக்கத் தொடங்கியது. வீட்டுக் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்து தருகிறோம் என்கிறவன் கூப்பிட்டான். வரித் திணைக்களம் என்று பொய் சொல்லி மிரட்டுகிறவன் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் அம்மா முழங்கால் நோவோடு ஓடிப்போய் எடுத்து, மூச்சு வாங்க, “ஆர், ராசாவோ?” என்று கேட்பார்.

பிறகு ஒருநாள், அம்மாவின் செய்திக்குக் கீழே யாரோ ஒரு பெண் எழுதினாள். அவளை எங்களுக்குத் தெரியாது. ‘அம்மா, நானும் ஒரு செய்தி விட்டுவிட்டுப் போகிறேன், குறை நினைக்க வேண்டாம்.’ அதன் கீழே தன் கணவனுக்கு: ‘பிள்ளைகள் வளர்ந்திட்டினம். நான் வேற கலியாணம் செய்யேல்லை. ஆராவது அப்பிடிச் சொன்னா நம்பாதேங்கோ.’ அடுத்து ஒரு பையன் எழுதினான். ‘அப்பா, நாங்கள் ஜேர்மனிக்கு வந்திட்டம். பழைய வீட்டில போய்த் தேடாதேங்கோ, அங்க வேற ஆக்கள் இருக்கினம்.’ ஒரு கிழவர் மகளுக்கு எழுதினார். ‘நீ விட்டிட்டுப் போன சைக்கிளை விக்கேல்லை.’ பாரிசிலிருந்து, லண்டனிலிருந்து, ஊரிலிருந்து என்று வந்துகொண்டே இருந்தன. யார் யாருக்குச் சொன்னார்களோ தெரியாது. அப்பாவுக்கு அனுதாபம் சொன்னவர்கள் எங்கோ மேலே போய்விட்டார்கள். கீழே முழுக்கக் காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற குரல்கள்.

அண்ணை போன் எடுத்தார். “தங்கச்சி, உன்ர அப்பாவின்ர பக்கத்தில என்ன நடக்குது?”

“மூடச் சொல்லப் போறியளோ அண்ணை?”

“விடு. கிடக்கட்டும்,” என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்குக் காணாமல் போனது யார் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தொடக்கத்தில் ஒரு புது உசார் வந்தது. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார், எழுத்து எழுத்தாக. ‘யோசிக்காதே பிள்ளை, வருவார்.’ ‘சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு வையுங்கோ அண்ணை.’ ஐயாயிரம் மைல் தொலைவில் இருக்கிறவர்களின் பிள்ளைகளுடைய பெயர்களெல்லாம் அம்மாவுக்குப் பாடமாகிவிட்டன. சாப்பிடும்போது அவர்களைப் பற்றித்தான் கதைப்பார். அம்மா சந்தோசமாக இருக்கிறார் என்று நான் நினைத்தேன். கோடையில் பின்வளவில் வெந்தயக்கீரையும் மிளகாயும் நட்டார்.

மெல்ல மெல்லப் பதில் எழுதுவது குறைந்தது. படிப்பது நிற்கவில்லை. ஒருநாள் கேட்டார். “இவ்வளவு பேர் எழுதீனம். ஆருக்காவது பதில் வந்ததோ?”

“இல்லை அம்மா.”

“ஒருத்தருக்கும் வரேல்லையோ?”

“இல்லை.”

அம்மா எழும்பிப் போய் மிளகாய்க்குத் தண்ணி விட்டார்.

ஆடி அமாவாசை கிட்ட வந்தது. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து பிதிர்க்கடன் கொடுக்கும் நாள். கோயில் தளத்தில் அதற்குப் பெயர் பதிகிற பக்கத்தை நான் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“அதை வைச்சிட்டு அப்பாவின்ர அறிவித்தலைத் திற.”

திறந்தேன்.

“பெரியவன்ர பேருக்கு முன்னால போடு.”

“எதை அம்மா?” என்றேன், தெரிந்துகொண்டே.

“நீ அண்டைக்குப் போட வெளிக்கிட்டதை.”

இத்தனை வருடமாக நான் சரி என்று வைத்திருந்தது அதுதான். அம்மா ஒருநாள் ஒத்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று நினைத்திருக்கிறேன். ஒத்துக்கொண்டபோது எனக்கு அது வேண்டாம் போலிருந்தது. “இப்ப என்ன அவசரம், இருக்கட்டும். பிறகு பாப்பம்,” என்றேன்.

“இல்லைப் பிள்ளை. நான் யோசிச்சுப்போட்டுத்தான் சொல்லுறன். உந்தச் சனம் எல்லாம் இந்தக் கத்துக் கத்துது. அந்தப் பெடியன் தகப்பனுக்கு எழுதினதை வாசிச்சனிதானே. உயிரோட இருக்கிறவன் ஆரும் உதுக்குப் பதில் போடாமல் இருப்பானோ? என்ர பிள்ளை மட்டும் எங்கயோ இருந்துகொண்டு, எல்லாத்தையும் பாத்துக்கொண்டு, பேசாமல் இருக்கிறான் எண்டு நான் நினைச்சா, அவன் கல்நெஞ்சுக்காரன் எண்டெல்லோ ஆகும். அவன் அப்பிடியில்லை. தான் பட்டினி கிடந்து எங்களைச் சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டவன். அவன் இருந்திருந்தா எடுத்திருப்பான்.”

நான் பெட்டியில் சொடுக்கினேன். சேமித்தேன். பக்கம் புதுப்பித்துக்கொண்டு வந்தது.

“வாசி,” என்றார் அம்மா.

வாசித்தேன். காலஞ்சென்ற என்ற சொல்லையும் அதன் பின் அண்ணாவின் பெயரையும் சேர்த்து என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா தலையை ஆட்டினார். பிறகு கோயில் பக்கத்தைத் திரும்பத் திறக்கச் சொன்னார். அப்பாவின் பெயரைப் பதியச் சொன்னார். பதிந்தேன்.

“இனி அவனுக்கும் செய்யோணும். இவ்வளவு காலமும் ஒண்டும் செய்யாமல், ஒரு பிடி சோறு கூட வைக்காமல் விட்டிட்டன்.” அம்மா திரையில் இருந்த விரத நாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “எந்த நாளில செய்யிறது? செத்த நாள் தெரியாது. ஆடி அமாவாசை தகப்பனுக்கு. சித்திரைப் பௌர்ணமி தாய்க்கு. பிள்ளைக்கு எண்டு ஒருத்தரும் ஒரு நாளை வைக்கேல்லையே, மோனை.”

நான் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.